கொம்பு ஹேண்டில்

மீரான் கடையில் அன்றைக்கு விற்பதற்கு இரண்டே சாமான்கள்தான் இருந்தன. இரண்டும் சைக்கிள் ஹேண்டில்.

ஜப்பான்காரன் மலையேறி வந்த பிறகு தானா ராத்தா கடைத்தெருவில் எல்லாருக்கும் அதே கதிதான். பிஸ்கட் டின் அடுக்கியிருந்த அலமாரியில் மரவள்ளிக்கிழங்கு கிடந்தது. ஆனாலும் மீரான் சும்மா இருக்கிற மனிதர் அல்ல. எங்கிருந்தாவது எதையாவது கொண்டுவந்து கம்பியில் தொங்கவிட்டுவிடுவார். இந்த இரண்டும் அப்படித் தொங்கியவைதான்.

ஒன்று அகலமான ஹேண்டில். நிமிர்ந்து உட்கார்ந்து, ஊரைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். மற்றது பந்தய சைக்கிளில் இருந்து கழற்றியது. இரண்டு பக்கமும் முன்னால் போய், கீழே இறங்கி, ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி திரும்பவும் உள்ளே வளைந்திருந்தது. சிங்கப்பூருக்குத் தப்பி ஓடிய வெள்ளைக்காரச் சின்னத்துரையின் சைக்கிள் அது. சைக்கிளைப் பட்டாளம் எடுத்துக்கொள்ளும் முன்பே மீரான் ஹேண்டிலை மட்டும் பிரேக்கோடும் வயரோடும் கழற்றி ஒளித்துவிட்டார்.

தங்கையா அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தங்கை சரோஜாவின் புருஷன் ராமையாவும் பக்கத்தில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேருமே தேயிலைத் தோட்டத்துத் தப்பால்காரர்கள். தங்கையா கீழ் டிவிஷனுக்கு, ராமையா மேல் டிவிஷனுக்கு. தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதமும் ஆர்டரும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. சயாமில் ரயில் போட ஆள் வேண்டும் என்று லோரி லோரியாக ஆண்களை அள்ளிக்கொண்டு போன அந்த வருஷத்தில், இவர்கள் இருவரையும் யாரும் தொடவில்லை. சைக்கிள்தான் காப்பாற்றியது. அதற்கும் கேடு வந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் துரை ஒருநாள் காலைப் பெரட்டில், வேலையாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, ஆபீஸ் குமாஸ்தா கிராணியைக் கூப்பிட்டு ஒன்று சொல்லச் சொன்னான். தோட்டத்துக்கு ஒரு தப்பால்காரன் போதும். அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் தானா ராத்தாவில் இருந்து தேயிலைப் பேக்டரி கேட் வரைக்கும் சைக்கிள் ஓட்ட வேண்டும். ஜெயித்தவனுக்கு வேலையும் மாதா மாதம் அரிசியும். தோற்றவன் அன்றைக்கே சயாம் லோரியில் ஏற வேண்டும்.

சயாமுக்குப் போன லோரிகள் எத்தனையோ. திரும்பி வந்த ஆளை அந்த மலையில் அதுவரை யாரும் பார்க்கவில்லை.

மாமன் மச்சான் இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்திருந்தார்கள். அதுதான் வேடிக்கை. ராமையாவுக்கு இதில் ஒளிவு மறைவு எதுவும் தோன்றவில்லை. ஓட்டுகிறதுதான் ஓட்டுகிறோம், இரண்டு பேருடைய ஹேண்டிலும் துருப்பிடித்து ஆடுகிறது, நல்லதாக மாற்றிக்கொண்டு ஓட்டுவோம், அப்புறம் சாமி விட்ட வழி என்று அவனே சொன்னான். கொடுப்பதற்கு அவன்தான் கம்பளியும் கொண்டுவந்திருந்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பளி. சரோஜா கல்யாணத்தின்போது வாங்கி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்று மடித்து வைத்திருந்தது. துணி என்ற ஒன்றே மறந்துபோன காலத்தில் அந்தக் கம்பளியைத் தடவிப் பார்த்த மீரானின் முகம் மலர்ந்துபோயிற்று.

கம்பளிக்காரன் என்ற முறையில் முதலில் எடுக்கிற உரிமை ராமையாவுக்கு. அவன் கை நேராகக் கொம்புக்குத்தான் போயிற்று.

"மாப்ளே, அது உனக்கு வேணாம்" என்றான் தங்கையா.

குரலில் அத்தனை அக்கறை. இந்த ஹேண்டிலைப் பிடித்தால் வயிறு மடங்கிக் குடல் ஏறிக்கொள்ளும் என்றான். இறக்கத்தில் பின் சக்கரம் தூக்கி ஆளை முன்னால் வீசிவிடும் என்றான். சின்னத்துரைக்கு முன்பல் இரண்டும் இல்லையே, கவனித்திருக்கிறாயா, அது இந்த ஹேண்டில் கொடுத்த பரிசு என்றான். நீ பிள்ளைகுட்டிக்காரன் ஆகப்போகிறவன், நிமிர்ந்து ஓட்டுகிறதை எடு, நான் ஒண்டிக்கட்டை, விழுந்தால் என்னோடு போகட்டும் என்று முடித்தான்.

ராமையாவின் கண் கலங்கிவிட்டது. அகல ஹேண்டிலை எடுத்துக்கொண்டான். அதோடு விட்டானா? கம்பளி ஒரு ஹேண்டிலுக்கு மேல் பெறும், நானா, மச்சானுக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று மீரானிடம் வாதாடி, கொம்பையும் அவனே வாங்கித் தந்தான்.

அவன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, தங்கையாவின் சைக்கிளில் கொம்பைப் பொருத்தி போல்ட்டை முறுக்கிக்கொண்டே மீரான் சொன்னார்:

"அந்தச் சின்னத்தொரைக்குப் பல்லு எல்லாம் இருந்திச்சே தம்பி. என் கடையிலதான் கரும்பு கடிச்சாரு."

"இப்ப இருக்கோ என்னவோ. யாருக்குத் தெரியும் நானா?"

மீரான் சிரித்தார். கம்பளியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வியாபாரம் முடிந்தது.

ஹேண்டில் கிடைத்துவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்த்தபோதுதான் அது மட்டும் போதாது என்று தங்கையாவுக்குத் தெரிந்தது. கொம்பு மாட்டிய சைக்கிள் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போயிற்று. குனிந்து படுத்துக்கொண்டால் எதிர்க்காற்று முதுகுக்கு மேல் போய்விடுகிறது. எல்லாம் சரி. ஆனால் மேல் டிவிஷனின் ஏற்றத்தில் நித்தம் நித்தம் மிதித்தவன் ராமையா. அவன் தொடை இரண்டும் தேக்குக்கட்டை. இருவரும் சேர்ந்து ஓட்டிப் பழகிய நாட்களில், ஓட்டை டயருக்குள் கயிறு திணித்த அந்தச் சைக்கிளை அகல ஹேண்டிலோடு மிதித்துக்கொண்டு ராமையா ஒவ்வொரு தரமும் கொஞ்சம் முன்னால் போனான். போய்விட்டு, மச்சான் வரட்டும் என்று நின்றான். அவன் அப்படி நின்று காத்ததுதான் தங்கையாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வழி அவனுக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது.

ஒருநாள் மாலையில் குனிந்தபடி வேகமாக வந்துகொண்டிருந்தான். கொம்பு ஹேண்டிலில் குனிந்தால் முன் சக்கரமும் அதற்கு முன்னால் கொஞ்சம் ரோடும்தான் கண்ணில் படும். எதிரே யார் வருகிறார், யார் நிற்கிறார் என்பது தெரியாது. திடீரென்று முதுகில் ஒரு மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. சைக்கிளை நிறுத்தித் திரும்பினால், நாகரத்தினம் கங்காணி.

தோட்டத்தில் அது ஒரு சட்டம். எழுதி வைக்காத சட்டம். துரையோ கிராணியோ கங்காணியோ எதிரே வந்தால், சைக்கிளில் இருக்கிறவன் இறங்கிவிட வேண்டும். இறங்கி, சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, அவர்கள் தாண்டிப் போகும்வரை நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட வழக்கம். ஜப்பான்காரனுக்கு அது இன்னும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. இறங்குவதோடு இடுப்பை வளைத்துக் குனியவும் வேண்டும் என்று அவன் கூடச் சேர்த்தான்.

வாயில் வந்ததை எல்லாம் சொல்லிக் கங்காணி திட்டினார். கொம்பு முளைத்துவிட்டதா உனக்கு என்று கேட்டார். உன் தங்கச்சி புருஷனைப் பார், என் வீட்டு நாயைப் பார்த்தால்கூட இறங்கி நின்றுவிட்டுத்தான் போகிறான், அவன் மனுஷன் என்றார்.

தங்கையா கங்காணியின் திட்டு ஓய்கிற வரைக்கும் கைகட்டி நின்றான். மனசு மட்டும் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கங்காணி சொன்னது முழுக்க உண்மை. ராமையா யாரைப் பார்த்தாலும் இறங்குகிறவன். கங்காணி வீட்டுக்காரியைப் பார்த்தாலும் இறங்குவான். மழையில் இறங்குவான், ஏற்றத்தில் பாதி மிதித்தபடி இறங்குவான். அவர்கள் போய்விட்டார்களா என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மறுபடி ஏறுவான்.

மறுநாள் தங்கையா கங்காணியின் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றான். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். திங்கட்கிழமை மூங்கில் முடக்கு வளைவில் நீங்கள் சும்மா வந்து நிற்க வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

கங்காணி வெற்றிலையை மென்றுகொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவன் உன் தங்கச்சி புருஷன்டா."

"தெரியும்."

"அவ முழுகாம இருக்கா."

"அதுவும் தெரியும் கங்காணி. அரிசியில பாதி உங்களுக்கு. மாசா மாசம்."

கங்காணி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, நின்றால் மட்டும் போதுமா, இரண்டு வார்த்தை பேசவும் வேண்டுமா என்று கேட்டார். பேசினால் ரொம்ப நல்லது என்றான் தங்கையா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரோஜா அண்ணனைத் தேடி அவன் லயத்து வீட்டுக்கு வந்தாள். ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாசலில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்தபடி, சுற்றிச் சுற்றிப் பேசினாள். அவருக்குக் கால் பலம் உண்டு, ஆனால் பயந்த சுபாவம், அவசரத்தில் புத்தி வேலை செய்யாது என்றாள். சயாமில் காடாம், மலேரியாவாம், அடியாம் என்றாள். தங்கையா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். தேங்காயெண்ணெய்க்குக்கூட வழியில்லை, செம்பனையெண்ணெய்தான்.

கடைசியில் அவள் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, நீ எங்க போனாலும் பொழச்சுக்குவே. அவரு போனா வரமாட்டாரு. நாளைக்கு நீ கொஞ்சம் மெதுவா வர்றியா?"

தங்கையா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான்.

"இதுக்காடி இவ்வளவு தூரம் நடந்து வந்தே? நான் முன்னமே நெனச்சதுதான். போயி நிம்மதியாத் தூங்கு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். போகும்போது மடியிலிருந்து அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். தங்கையா அதைச் சாப்பிட்டான். நாளைக்கு உடம்பில் தெம்பு வேண்டுமே.

திங்கட்கிழமை காலையில் பனி விலகியதும் மீரான் கடை வாசலில் இருந்து இருவரும் புறப்பட்டார்கள். ஜப்பான் சிப்பாய் ஒருவன் விசில் ஊதினான். கடைத்தெருவே திரண்டு நின்றது. ஆனால் கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. எவனோ ஒருவன் சாகப்போகிறான் என்று தெரிந்து பார்க்கிற கூட்டம் அப்படித்தான் நிற்கும்.

புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே ராமையா முன்னால் போய்விட்டான். அகல ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் மிதித்தான். தங்கையா கொம்பைப் பிடித்துக் குனிந்து பின்னால் தொங்கிக்கொண்டே போனான். சந்தேகப்படாமல் இருக்க வேண்டுமே என்று, "மெதுவாப் போ மாப்ளே, வளைவுல மண்ணு வழுக்கும்" என்றுகூடக் குரல் கொடுத்தான். ராமையா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

மூங்கில் முடக்கில் நாகரத்தினம் கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு நடுரோட்டில் நின்றார்.

ராமையா பார்த்தான். உயிருக்கு ஓடுகிற ஓட்டம் அது. வயிற்றில் பிள்ளையோடு பெண்டாட்டி பேக்டரி கேட்டில் நிற்கிறாள். எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கால் தானாகவே தரையைத் தேடியது. பிரேக்கைப் பிடித்தான், இறங்கினான், சைக்கிளை ஓரம் கட்டித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் அப்பனும் அதே ரோட்டில் அப்படித்தான் நின்றிருக்கிறான்.

தங்கையா அவனைத் தாண்டிப் போனான். போகும்போது கங்காணியின் குரல் காதில் விழுந்தது. எங்கேடா இத்தனை அவசரம், ஊரில் என்ன தீயா பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரி டிரசரிடம் மருந்து கேட்டேனே கொண்டுவந்தாயா என்று நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார். ராமையாவும் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் தங்கையாவுக்கு ரோடு மட்டுமே இருந்தது. கொம்பின் அடிவளைவைப் பிடித்துக்கொண்டான். முகம் ஹேண்டிலுக்கு மேல் ஒட்டிக்கொண்டது. தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் பச்சைக் கோடாக ஓடின. கடைசி இறக்கத்தில் மிதிப்பதையே விட்டுவிட்டு அப்படியே விட்டான். மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. பேக்டரி கேட் முன்னால் பிரேக் போட்டு, இரும்புக் கேட்டைக் கையால் அடித்தான். அப்புறம்தான் தலையைத் தூக்கினான்.

பெரட்டுக்கு நின்ற கூட்டம் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜப்பான் துரை கேட்டில் நிற்கவில்லை. சைக்கிள்கள் வருகிற அழகைப் பார்க்கலாம் என்று அந்தப் பள்ளத்துப் பக்கம் நடந்து போயிருக்கிறான். அவன் பூட்சிலும் கால்சட்டையிலும் சேறு. மூக்கில்கூட ஒரு பொட்டு. அவன் கேட்டை நோக்கி நடந்து வந்தான். தங்கையா சைக்கிளில் இருந்து இறங்கியது அப்போதுதான். குனிந்ததும் அப்போதுதான். குனிந்த முகத்தில் அடி விழுந்தது. விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி இன்னொன்று. கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

நான்தான் முதலில் வந்தேன் என்று தங்கையா சொன்னான். மலாயில் சொன்னான், தமிழில் சொன்னான். உதட்டில் ரத்தம் வழிந்தது. துரை அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராமையா வந்தான். தூரத்திலேயே துரையைப் பார்த்துவிட்டான். பார்த்த இடத்திலேயே இறங்கிவிட்டான். இனி ஓடி என்ன, நடந்து என்ன, எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். அப்படியும் வழக்கம் மாறவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். துரைக்கு முன்னால் நின்று, அந்த அகல ஹேண்டிலில் நெற்றி இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

துரை அவன் தோளைத் தட்டினான். "பாகுஸ்" என்று மலாயில் மெச்சினான். கிராணி பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னான். கிராணி தமிழில் சொன்னார்:

"ராமையாவுக்குத் தப்பால் வேலை. தங்கையா நல்லா வேகமான ஆளாம். வேகமான ஆளு சயாமுக்குத்தான் வேணுமாம்."

தங்கையா கிராணியின் காலைப் பிடித்தான். இந்த ஹேண்டிலைப் பிடித்தால் முன்னால் நிற்கிறவர் தெரியமாட்டார், வேண்டுமென்று செய்யவில்லை என்று கதறினான். கிராணி அதை அப்படியே மொழிபெயர்த்தார். துரைக்கு அது புதிய செய்தியாக இருந்தது. சைக்கிளின் பக்கத்தில் வந்து, குனிந்து, கொம்பைப் பிடித்துப் பார்த்தான். உண்மைதான் என்பதுபோல் தலையை ஆட்டினான். அப்புறம் சிரித்தான். இவ்வளவு நன்றாகக் குனியத் தெரிந்தவன் லோரி வரும்வரை குனிந்தே இருக்கட்டும் என்றான்.

சிப்பாய்கள் தங்கையாவைச் சைக்கிளின் குறுக்கே நிற்கவைத்து, கொம்பைப் பிடிக்கவைத்து, முதுகை வளைத்துவிட்டார்கள். நிமிர்ந்தால் துப்பாக்கிக் கட்டை முதுகில் இறங்கும். கூட்டத்தை வேலைக்கு விரட்டினார்கள். தூறல் பிடித்துக்கொண்டது. வருகிறவர் போகிறவர் கால்கள் மட்டுமே தங்கையாவுக்குத் தெரிந்தன. கொழுந்துக்கூடைக்காரிகளின் வெறுங்கால்கள். சிப்பாயின் பூட்ஸ். கிராணியின் செருப்பு. பிறகு இரண்டு வீங்கிய கால்கள் வந்து நின்றன. சரோஜா.

அவள் தரையில் உட்கார்ந்து அண்ணனின் காலைத் தொட்டாள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மெதுவா வான்னுதானே அண்ணே கேட்டேன். ஜெயிச்சும் குடுத்துட்டியே. தொரைக்கு இறங்காமப் போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே போனே?"

தங்கையாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கொம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். லயம் முழுக்க இந்தப் பேச்சுதானாம். தங்கச்சிக்காக உயிரைக் கொடுத்தவன் என்று கிழவர்கள்கூடக் கும்பிடுகிறார்களாம். பிறக்கிற பிள்ளைக்கு உன் பேர்தான் என்றாள். பெண் பிறந்தாலும் உன் பேரை வைத்துத்தான் கூப்பிடுவேன் என்றாள்.

போடி இங்கிருந்து என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அழுகையைப் பார்க்கத் தாங்காமல் அண்ணன் விரட்டுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சிப்பாய் வந்து அதட்டும்வரை அவள் போகவில்லை.

அப்புறம் வந்தது நாகரத்தினம் கங்காணியின் செருப்பு. அது சற்று நேரம் எதிரே நின்றது. அரிசி விஷயம் இனி ராமையாவிடம்தான் பேச வேண்டும், அவன் கேட்காமலே கொடுத்துவிடுவான் என்று மெல்லிய குரலில் சொன்னார். நடந்ததை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார்.

"தியாகி பட்டம் குடுத்துட்டாங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்? இருந்துட்டுப் போ."

லோரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ராமையா வந்தான். ரிங்லெட் காவல் சாவடிக்குத் துரையின் கடிதத்தை லோரிக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவனுடைய முதல் வேலை. வேகமான சைக்கிளை எடுத்துக்கொண்டு போ என்று துரையின் உத்தரவு. வேகமான சைக்கிள் தங்கையாவின் கையில் இருந்தது.

விறைத்துப்போன விரல்களை ராமையா ஒவ்வொன்றாகக் கொம்பில் இருந்து பிரித்தான். வலிக்குதா மச்சான், வலிக்குதா மச்சான் என்று கேட்டுக்கொண்டே பிரித்தான். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. சைக்கிளைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"மச்சான், எனக்கு இந்த ஹேண்டில் பழக்கமில்லே. ரிங்லெட் இறக்கம் வேற. பிரேக்கு எதைப் பிடிக்கணும்?"

தங்கையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான். எத்தனையோ நேரத்துக்குப் பிறகு மனித முகம் ஒன்றைப் பார்த்தான். அந்த முகத்தில் சந்தேகம் என்ற ஒன்று துளிகூட இல்லை. தனக்குப் பதிலாகப் பிழைத்த முகம் அது. இன்றைக்கு ராத்திரி சரோஜா கையால் அரிசிச்சோறு தின்னப்போகிற முகம்.

"முன் பிரேக்கு" என்றான். "பின்னாலதைத் தொடாதே. வளைவு வந்ததும் முன் பிரேக்கை முழுசா அழுத்திப் பிடி. உடம்பை நல்லா முன்னால சாய்ச்சுக்க."

"முன் பிரேக்கு. முழுசா" என்று ராமையா பாடம் படிப்பதுபோல் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மச்சானின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறிப் போனான்.

லோரி புறப்பட்டபோது பின்தட்டில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கியா பார்ம் பக்கத்துத் தோட்டக்காரர்கள், பேர் தெரியாதவர்கள். எல்லாரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். தங்கையா அழவில்லை. அவன் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி ரோட்டைப் பார்த்தான். ஒவ்வொரு வளைவிலும் பார்த்தான். ஓரத்துப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் ஒன்று தெரிகிறதா என்று தேடினான். ஒரு வளைவில் மண் நீளமாக உரிந்து கிடந்தது. செடி முறிந்திருந்தது. ஆள் இல்லை. தங்கையா உட்கார்ந்து மூச்சை விட்டான். பள்ளத்துக்குள் போயிருப்பான் என்று நினைத்தான்.

ரிங்லெட் சாவடியில் லோரி நின்றது. ரோட்டோரத்தில் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, லோரியின் முன்சீட்டில் இருந்த ஜப்பான்காரனுக்குக் குனிந்தபடி நின்றான். ஹேண்டில் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சட்டை தோளில் கிழிந்திருந்தது. குனிந்த முகத்தில் இருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக முன் டயரில் விழுந்துகொண்டிருந்தது.

முன்சீட்டுக்காரன் இறங்கிச் சாவடிக்குள் போன பிறகுதான் ராமையா நிமிர்ந்தான். முன்பல் இரண்டும் இல்லை. பின்தட்டில் மச்சானைப் பார்த்ததும் சைக்கிளோடு பக்கத்தில் நொண்டி வந்தான். சிப்பாய் பார்க்கிறானா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குற்றம் செய்தவன் மாதிரிக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க சொன்ன மாதிரிதான் மச்சான் பிடிச்சேன். முழுசா பிடிச்சேன். எனக்குத்தான் சரியா வரலே."

தங்கையா அந்த வாயைப் பார்த்தான். சாவடிக்குள் போன ஜப்பான்காரன் திரும்பி வந்து லோரிக் கதவைச் சாத்தினான். லோரி உறுமியது.

"பழகப் பழக வரும்" என்றான் தங்கையா.

ராமையா சரி என்று தலையை ஆட்டினான்.